கிண்ணத்தில் விழுந்த கைரேகை

என் தம்பி எந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாலும் மூன்றாம் மாதம் வீட்டுக்கு வந்துவிடுவான். திருடமாட்டான், தூங்கமாட்டான், யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான். அவனுக்குக் கை வேர்க்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த வேர்வை லேசுப்பட்டதில்லை. கடிகாரக் கடையில் அவன் தொட்ட மூடியெல்லாம் ஒரே வாரத்தில் புள்ளி புள்ளியாகக் கறுத்தன. இரும்புச் சாமான் கடையில் அவன் துடைத்து அடுக்கிய ஸ்கேல்களில் ஐந்து விரலும் துருவாக எழுந்து நின்றன. 'ஆசிட்' என்று பெயர் விழுந்தது. வைத்தவள் நான்தான். அக்காவுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

நான் அப்போது பழைய கார்களின் முன்விளக்குகளைப் புதுப்பிக்கும் பட்டறையில் இருந்தேன். பெருக்கித் துடைக்க ஆள் வேண்டும் என்றார்கள். துடைப்பம் துருப்பிடித்தால் யாருக்கு நஷ்டம் என்று இவனைக் கொண்டுபோய் விட்டேன்.

பழைய விளக்கின் உயிர் பல்புக்குப் பின்னால் இருக்கும் கிண்ணத்தில் இருக்கிறது. பித்தளைக் கிண்ணம், உள்ளே வெள்ளி முலாம். அது மங்கினால் எவ்வளவு பெரிய காரும் இருட்டில் தடவிக்கொண்டுதான் போகவேண்டும். கொல்லைப்புறக் கொட்டகைத் தொட்டியில் பழைய முலாமைக் கரைத்து எடுப்போம். பிறகு சுழலும் துணிச் சக்கரத்தில் வழவழப்பாக்கும் பஃபிங், புது முலாம், கடைசியாக மெருகு. அதன் மேல் வார்னிஷ் அடிக்க மாட்டார் முதலாளி, வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பார். வெறும் வெள்ளி. யார் விரலும் படக்கூடாது.

மற்றவர்களெல்லாம் ஒரு தடவை பட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கிற ஆட்கள். என் தம்பிக்கு அந்தச் சலுகை பிறவியிலேயே கிடையாது. பெருக்கும்போது வழியில் இருந்த கிண்ணத் தட்டை அவன் இரண்டு முழங்கைகளால் தூக்கி நகர்த்தியதை முதலாளி பார்த்தார். அடுத்த வாரமே மெருகு மேசையில் உட்காரவைத்துவிட்டார்.

இருபத்திரண்டு வருடம் அந்த மேசை அவனுடையது. இரண்டு ஜோடிக் கையுறை, மணிக்கொரு தரம் மாற்றுவான். பஞ்சில் சிவப்புப் பொடி தொட்டு, பல்பு ஓட்டையிலிருந்து விளிம்பு வரை நேர்க்கோடாக இழுப்பான். சுற்றிச் சுற்றித் தேய்த்தால் வெளிச்சம் சிதறிவிடும். ஒரு கிண்ணத்துக்கு அரை நாள். சாப்பாட்டை மறந்துவிடுவான், கூப்பிட்டால் காதில் விழாது. பெண் பார்க்கப் போன இடத்திலும் முதல் வார்த்தையாக, "எனக்குக் கை வேர்க்கும். பட்ட இடம் கறுத்துடும்" என்றான். எனக்குத் தம்பி பெண்டாட்டியாக வரவேண்டியவள் சிரித்துவிட்டாள். "நான் என்ன வெள்ளியா, கறுத்துப்போக?" என்றாள். கெட்டிக்காரி.

போன மழைக்காலத்தில் ஒரு கார்க்காரர் விளக்கைத் திருப்பிக்கொண்டு வந்தார். கண்காட்சியில் நடுவர் குனிந்து பார்த்துவிட்டு, "உள்ளே யாரோட பெருவிரல்?" என்று கேட்டாராம். கிண்ணத்தின் விளிம்புக்கு உட்பக்கம் கன்னங்கரேலென்று ஒரு ரேகை.

பட்டறையில் இருந்த அத்தனை பேரும் என் தம்பியின் கைகளைப் பார்த்தார்கள். யாரும் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"டேய் ஆசிட், கடைசியில கைவரிசையைக் காட்டிட்டியேடா!"

இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் கிண்ணத்தை ஜன்னலுக்கு எடுத்துப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன்.

"என்னுதுதான் முதலாளி" என்றான்.

கார்க்காரர் எதிரில் நிற்கும்போது முதலாளி என்ன செய்வார்? மேசையைப் பஃபிங்காரருக்குக் கொடுத்து, தம்பியைக் கொட்டகைத் தொட்டிக்கு அனுப்பினார். அதற்கப்புறம் அவன் மேசைப் பக்கம் தலையைத் திருப்பாமல் நடந்தான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவன் மனைவி வந்து அழுதாள். நான் பெருந்தன்மையாக, "விடுடா, மனுஷன்னா ஒரு தப்பு வராதா?" என்று அவனை மன்னித்தேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, அனுப்பவேண்டிய பெட்டி ஒன்றைத் திறந்தேன். பஃபிங்காரர் மெருகிட்ட ஜோடி. அதில் ஒரு கிண்ணத்தில் அதே இடத்தில் அதே கறுப்பு ரேகை. தம்பி இதன் நிழலில்கூட நிற்கவில்லை. ரேகையின் நடுவே முடி கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. எப்போதோ விளக்குக் கண்ணாடி உடைந்து என் வலது பெருவிரலைக் கிழித்த தழும்பின் கோடு.

மெருகு முடிந்த கிண்ணத்தின் விளிம்பில் ரப்பர் வளையம் பொருத்துவது என் வேலை. கையுறை போட்டால் வழுக்கும் என்று வெறுங்கையால்தான் அழுத்துவேன். விரல் ஒரு நகக்கண் அளவு உள்ளே போகும். முப்பது வருடம் ஒன்றும் ஆகவில்லை, என் கை காய்ந்த கை. இந்த வருடம் ஆரம்பித்த பிரஷர் மாத்திரையோ, வயதோ, எனக்கும் வேர்க்க ஆரம்பித்திருந்தது.

கொட்டகைக்கு ஓடினேன்.

"அன்னிக்கே தெரியுமாடா உனக்கு?"

அவன் தொட்டியிலிருந்து நிமிரவில்லை. "கோடு தெரிஞ்சுதுக்கா."

"அப்புறம் ஏண்டா உன்னுதுன்னு சொன்னே? என் வேலை போயிடும்னா?"

"வேலையெல்லாம் போகாது. எல்லாரும் என் கையைப் பார்த்தாங்க இல்ல, அந்த மாதிரி உன் கையைப் பார்ப்பாங்க. டம்ளர் நீட்டினா ஓரத்தைப் பிடிச்சு வாங்குவாங்க. எனக்குப் பழகிப்போச்சு. உனக்கு எதுக்கு, இந்த வயசுல?"

அவன் நீட்டிய டம்ளரை அப்படி ஓரம் பிடித்து வாங்கிய முதல் ஆள் நான். அவனுக்கு அப்போது எட்டு வயது. அங்கேயே நின்று அழுதேன்.

பிறகு அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பட்டறை நடுவில் வந்து நின்றேன். இன்னொரு கையில் பெட்டி. அதை முதலாளி முன் வைத்தேன்.

"இதுவும் என் விரல்தான், அதுவும் என் விரல்தான். இவன் எதையும் தொடலை" என்று பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

எல்லோரும் பார்த்தார்கள். அவன் சொன்ன மாதிரியேதான் பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற பஃபிங்காரர் தன் டீ கிளாஸைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, தம்பியை நாளை முதல் மேசைக்கு வரச் சொன்னார். நான் தூக்கிய பெருவிரலோடு அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

தம்பி என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னான்.

"கையை இறக்குக்கா. எல்லாரும் பார்த்தாச்சு."