அட்டையில் வந்த வரி

சத்தியவேட்டில் ரூபவதி எங்கள் பக்கத்து வீடு. புருஷன் செத்த பிறகு அவளுக்கு மிஞ்சியது மகள் லேயாள் ஒருத்திதான்.

எங்கள் தாலுகாவை ஆந்திராவோடு சேர்த்ததற்கு அடுத்த புது வருஷம். கோயிலில் ஆராதனை முடிந்ததும் வேத வசன அட்டைகளைத் தட்டில் கொண்டுவருவார்கள். கைக்கு வருவதுதான் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் தரும் வாக்கு. தேவதூதர்கள் உன்னைக் கைகளில் தாங்குவார்கள், கால் கல்லில் இடறாது என்ற சங்கீத வரி ரூபவதிக்கு வந்தது. சோற்றுப் பருக்கை தடவிச் சுவரில் ஒட்டினாள்.

தை மாதம் ஊரில் பெரியம்மை. அம்மை குத்தும் ரங்கையா வீடு வீடாக வந்தார். புது சர்க்கார் அனுப்பிய தெலுங்கர்.

"பாப்பாவை கூப்புடும்மா."

"வாணாம் சார். தூதருங்க தாங்கிக்கினு இருக்காங்க."

"அவங்களுக்கும் நாந்தாம்மா குத்தினேன்!" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தினாள்.

"குத்திக்க ரூபவதி, விளையாடாதே" என்று நானும் கத்தினேன். "விசுவாசம் இல்லாத ஆளு நீ, போண்ணா" என்றாள்.

மாசம் முடிவதற்குள் லேயாளைப் பாயில் சுற்றிக் கல்லறைக்கு எடுத்துப் போனோம்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தின் முதல் ஞாயிறு. போதகர் சுவிசேஷம் வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் ரூபவதி எழுந்து நின்றாள்.

"ஐயா, இப்ப படிச்சது யாரு பேச்சு?"

"சாத்தானும்மா. கர்த்தரைக் கோயில் உச்சியில நிக்க வச்சு, குதி, தூதருங்க தாங்குவாங்கன்றான்."

"அது எங்க ஊட்டுச் சுவத்துல இருக்குதே ஐயா."



சாயங்காலம் போதகர் அவள் வீட்டுக்கு வந்தார்.

"அது பாட்டும்மா. பயத்துல இருந்தவன் தேவனை நம்பிப் பாடினது. நிலப் பத்திரமாட்டம் நீட்டிக் கேக்கறதுக்கு இல்ல. அதான் கர்த்தர் குதிக்கல."

"தட்டை நீட்டினப்ப இதைச் சொல்லலியே ஐயா."



அதன் பிறகு அவள் அட்டை எடுத்ததில்லை. யாராவது ஒரு வசனம் சொன்னால், "மேலயும் கீழயும் படி. யாரு, யாருக்குச் சொன்னதுன்னு பாரு" என்பாள். சிலருக்கு எரிச்சல்தான்.

மறுவருஷம் ரங்கையா வந்தபோது தெருப் பிள்ளைகளை அவள்தான் இழுத்துவந்தாள். அழுததுகளை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் முடிந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உன் பாப்பா எங்கேம்மா?"

ரூபவதி ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, தன் கையை நீட்டினாள்.