ஈரப் பாவும் பட்டாள லாரியும்

என் கணவர் காலாட்படைச் சிப்பாய். எழுபத்தொன்றில், அவருடைய பட்டாலியன் பயிற்சி முடித்து எல்லைக்குப் புறப்படுமுன், குடும்பங்களை முகாமுக்கு அழைத்துப்போக லாரி அனுப்பினார்கள். எங்கள் கைக்குழந்தையை அவர் இன்னும் பார்த்ததில்லை.

லாரி வந்த நேரம், தெருவில் பட்டு நெசவுக்கான பாவு நூலை நீளமாக நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தோம். ஈரத்தோடு விட்டால் இழைகள் ஒட்டிப் பாவே பாழாகிவிடும்.

"கொஞ்சம் இருப்பா, கஞ்சி காயட்டும்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுக் குனிந்தேன்.

"இன்னும் ஆளுங்கள ஏத்தணும்மா" என்றவர், நான் நிமிர்வதற்குள் போயே போய்விட்டார்.

மாமியார் என் கையிலிருந்த கஞ்சிச் சட்டியைப் பிடுங்கினார். "பாவு நாசமாப் போனா போவுது, ஓடுடி! அடுத்து செவிலிமேட்டுல இன்னொரு பட்டாளத்துக்காரன் ஊட்டு ஆளுங்கள ஏத்த நிப்பான்!"

குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். செருப்பு அறுந்தது. சைக்கிளில் போன ஒருவரை மறித்து அழுதேன். அவர் ஏற்றிக்கொண்டு மூச்சிரைக்க மிதித்தார். செவிலிமேட்டில் லாரி நகரத் தொடங்கியபோது ஓடிப்போய்க் குறுக்கே நின்றுவிட்டேன்.

முகாமில் அவர் குழந்தையை மடியைவிட்டு இறக்கவே இல்லை. "உம்மேல கஞ்சி வாசன அடிக்குது" என்று சிரித்தார்.

எல்லையிலிருந்து அவர் திரும்பவில்லை.

இன்றும் பாவுக்குக் கஞ்சி போடுகிறேன். யாராவது வந்து கூப்பிட்டால், ஈரக் கையோடு அப்படியே போய்விடுவேன். இழை ஒட்டினால் ஒட்டட்டும்.