மாமனார் மட்டும் ஏறிய ரயில்

போன வாரம் என் மாமனாருக்குச் சிறுநீரில் கிருமித் தொற்று. காய்ச்சல் ஏறி, பிதற்றவே ஆரம்பித்துவிட்டார். பயந்துபோய் மருத்துவமனைக்கு ஓடினோம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி — இவர் சமீபத்தில் என்னென்ன ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டார்?

சுலபமான கேள்விதானே? எங்கள் குடும்பத்தில் இல்லை.

மாமனார் ஒரு மாதம் பிரிக்பீல்ட்ஸில் எங்களோடு இருப்பார். மறுமாதம் கிள்ளானில், என் கணவரின் அண்ணன் வீட்டில். ஏதோ பழைய மனஸ்தாபத்தில் அண்ணனும் தம்பியும் பல வருஷமாகப் பேசுவதில்லை. அதனால் அண்ணன் அங்கே கோமுட்டர் ரயிலில் ஏற்றிவிடுவார். என் கணவர் கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் போய் அழைத்துக்கொள்வார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம் பாருங்கள்! மாமனாரும் ஒரு சின்னப் பையோடு போய் வருவார். ஆனால் எந்த கிளினிக்கில் என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்ற விவரம்? அது மட்டும் ரயில் ஏறாது.

அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். வார்டு வாசலில் இந்தப் பக்கம் என் கணவர், அந்தப் பக்கம் அவர். நடுவில் தூது போக நான்... எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. உள்ளே கிடப்பவர் இரண்டு பேருக்கும் அப்பாதானே?

லேப் ரிசல்ட் வர இரண்டு நாள் ஆகுமாம். அதுவரை டாக்டர் ஊகித்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும். ஊகம் தப்பினால், இந்த வயதில் உயிருக்கே ஆபத்து என்றார்.

பழைய மருந்து விவரம் எதற்கு என்று உள்ளே போய் டாக்டரிடமே கேட்டேன்.

"யூரின்ல வர்றது பெரும்பாலும் குடல் கிருமிதான். குடல்ல பல வகை கிருமி இருக்கு ஆன்டி. எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தம். ஒண்ணு ஒரு மருந்துல தப்பிச்சிட்டா, தப்பிக்கிற ஜீனை காப்பி பண்ணி பக்கத்துல உள்ள சொந்தத்துக்கும் குடுத்துரும் லா. அதான் பழைய மருந்து எல்லாம் கேக்குறேன்."

எனக்குச் சுருக்கென்றது. கண்ணுக்கே தெரியாத ஜந்து... பெரிய படிப்பும் கிடையாது, சொந்த வீடும் கிடையாது. ஆனாலும் தெரிந்ததை உறவுக்குச் சொல்லிவிடுகிறது!

வெளியே வந்தேன். டாக்டர் சொன்னதை இருவருக்கும் பொதுவாகச் சொன்னேன். இனிமேல் நான் நடுவில் நிற்கப் போவதில்லை என்றும் சொல்லி, ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

 அண்ணன் தன் வீட்டுக்கு போன் போட்டார். மாத்திரை அட்டையின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. போனைத் தள்ளித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கடைசியில் தம்பி பக்கம் நீட்டினார்.

"நீ படி. கண்ணாடி எடுத்துட்டு வரல."

என் கணவர் படித்தார். முகம் மாறியது.

"அண்ணே... இதே மருந்ததான் போன தடவ நாங்களும் குடுத்தோம்."

இரண்டு பேரும் ஒன்றாக உள்ளே ஓடினார்கள். டாக்டர் ஆரம்பிக்க நினைத்திருந்ததும் அதே மருந்துதான். உடனே மாற்றினார்.

காய்ச்சல் விட்ட அன்று மாமனார் தெளிவாகக் கண் திறந்தார். கட்டிலுக்கு ஒரே பக்கத்தில் மகன்கள் இருவரும் சேர்ந்து நின்றார்கள். மாறி மாறிப் பார்த்தவர், என்னைக் கிட்டே கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா... நான் செத்துட்டேனா?"