எண்ணெய்த் தொட்டியிற் கிடந்த துணி

எங்கள் ஊரில் விமானம் விழுந்த கதை பலவாறு வழங்குகின்றது. ஒருவர் வாயில் என் மாமா துரோகி. இன்னொருவர் வாயில் வீரர். இரண்டுக்கும் சான்றில்லை. ஆதலால் என் கண்ணாற் கண்டவற்றையும் காதாற் கேட்டவற்றையுமன்றி வேறொன்றும் இங்கு எழுதேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலம். எனக்கு ஒன்பது வயது. தந்தையாகிய ஐயா மலாயாவில் இருந்தார். ஜப்பானியர் அந்நாட்டைப் பிடித்ததோடு அவர் கடிதங்கள் நின்றுபோயிருந்தன. அம்மாவின் தம்பியாகிய மாமாவே வீட்டுக்கு ஆண்துணை. வடகரையிலிருந்த பிரிட்டிஷ் விமானத்தளத்தில் எந்திரங்களைக் கழற்றித் துடைப்பது அவர் தொழில். அங்கே துணித் தட்டுப்பாடு. ஆகவே பழைய வேட்டிகளைக் கிழித்து அம்மாவே கட்டிக் கொடுத்தனுப்புவார்.

ஒருநாட் காலை, சிறு விமானமொன்று அச்சுவேலிப் பக்கமாகத் தாழ்ந்து வந்தது. எந்திர ஓசை விட்டுவிட்டுக் கேட்டது, பின்னர் அடங்கிற்று. புகையிலைத் தோட்டமொன்றில் அது மூக்குக் குத்தி விழுந்தது. ஓட்டியவர் கால் முறிந்து உயிர் தப்பினார்.

மூன்றாம் நாள் படை அதிகாரி ஒருவர், மொழிபெயர்ப்பாளருடன் எங்கள் முற்றத்துக்கு வந்தார். அவர் கையில் எண்ணெய் ஊறிய துணித்துண்டு. விமானத்தின் எண்ணெய்த் தொட்டியைத் துடைத்தவர் அதை உள்ளே விட்டு மூடிவிட்டாராம். பறக்கையில் அது குழாயை அடைக்க, எண்ணெயின்றி எந்திரம் இறுகிற்றாம். துடைத்தவர் மூவருள் மாமாவும் ஒருவர். மறதியெனில் வேலை போகும். சதியெனில் உயிரே போகலாம்.

துணியோரத்திற் சேங்கொட்டைச் சாற்றால் இட்ட அழியாத சலவைக் குறி இருந்தது: மூன்று புள்ளி, ஒரு கோடு. எவ்வீட்டுத் துணியென்று அறிய எங்கள் ஊருக்குத் துணி வெளுக்கும் கட்டாடியாரை அழைப்பித்தனர். அதே குறி என் பாவாடை விளிம்பிலும் உண்டு. விளிம்பைக் கையிற் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

“உது ஆற்றை வீட்டுக் குறி? நல்லாப் பார். ஊர் அழுக்கெல்லாம் உன்ரை கையாலைதானே போகுது” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

கட்டாடியார் துணியை வெயிலிற் பிடித்தார், முகர்ந்தும் பார்த்தார்.

“ஓம் ஐயா, ஊர் அழுக்கெல்லாம் தெரியும். உது எங்கடை ஊர் அழுக்கில்லை.”

மொழிபெயர்ப்பாளர் மாமாவின் பக்கம் திரும்பினார். “உம்மடை அத்தான் மலாயாவிலையோ?”

“ஓம்.”

“அங்கை இப்ப ஆற்றை ஆட்சி?”

அதிகாரி துணியை மடித்துக்கொண்டு புறப்பட்டார்.

வண்டி சந்தியைக் கடந்ததும் அம்மா கேட்டார்: “மறந்தனியோ, வேணுமெண்டு விட்டனியோ?”

“அக்கா, நீயுமோ? மறந்துபோனனெண்டு சொல்லத்தான் நிண்டனான். கட்டாடியார் முந்திப் பொய் சொல்லிப்போட்டார். இப்ப ஒளிச்ச மாதிரிப் போச்சு.”

“துணியைக் கண்ட உடனை ஏன் வாய் திறக்கேல்லை?”

மாமா கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அடுத்த வெளுப்பில் எங்கள் துணிகள் புதுக் குறியோடு வந்தன. எவரும் காரணம் கேட்கவில்லை. அம்மா பின்னர்ப் பழந்துணி கிழிக்கவில்லை, மாமாவும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இருவரும் என் வாயிலாகவே பேசினர்: “சோறு ஆறுதெண்டு மாமாட்டைச் சொல்லு”, “பசியில்லையெண்டு கொம்மாட்டைச் சொல்லு.” எனக்கு அது விளையாட்டாயிருந்தது. சில கிழமைகளில் மாமா வேலையை விட்டுக் கொழும்புக்குச் சென்றார், திரும்பவில்லை.

ஆபத்து அதிகாரியோடு போய்விட்டதென்றே நான் மகிழ்ந்திருந்தேன். மறதியா, சதியா என்று அவர் கொண்டுவந்த கேள்வியை அம்மா தம் கேள்வியாக்கிக்கொண்டதை அன்று நான் உணரவில்லை.

துணி எங்கள் வீட்டது, அது உறுதி. மாமா மறந்தாரா, மறக்கவில்லையா என்பது தெரியாது.