டாக்குரியா கடைக்காரரின் ‘கார்’

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம். கேஸ் இணைப்பு இன்னும் வரவில்லை; சமையலுக்கு இருந்த ரைஸ் குக்கரின் ஒயரும் எரிந்துபோனது. டாக்குரியாவில் ஒரு எலக்ட்ரிகல் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் மூக்கு நுனியில் கண்ணாடியோடு, முழங்கையில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். பெங்காலியில் ஒயருக்குத் ‘தார்’, ‘இருக்கிறதா’ என்பதற்கு ‘ஆச்சே’ என்று கேட்டு வைத்திருந்தேன்.

“தார் ஆச்சே?”

“கார்?” என்றார்.

“நோ கார். ரைஸ் குக்கர்.”

அவர் சிரிக்கவில்லை. பொருத்தமான ஒயரைத் தேடிக் கொடுத்தார். அன்று வீட்டில் சோறு வெந்தது.

‘தார்’ என்றால் ‘அவருடையது’ என்றும் ஆகுமாம். ‘கார்’ என்றால் ‘யாருடையது?’ பிறகுதான் தெரிந்தது.

போன மாதம் முதன்முதலாகக் கார் வாங்கி, அவர் கடை வாசலில் நிறுத்தினேன். முழங்கையில் ஒயரோடு வெளியே வந்தார்.

“கார்?” என்றார்.

எதைக் கேட்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றும் அவர் சிரிக்கவில்லை.