பூங்காவில் ஏறிய கூண்டு

நேற்றுச் சாயங்காலம் பூங்காவில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று எல்லார் பையிலும் போன் கத்தியது. புயல் எச்சரிக்கையாம். எல்லாரும் குனிந்து போனைப் பார்க்க, நான் மட்டும் அண்ணாந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த நண்பர், "என்னத்தவே பாக்கீரு, காக்காயா?" என்றார். என்ன செய்ய? துறைமுகக் கம்பத்தில் எத்தனையாம் நம்பர் புயல் கூண்டு ஏறியிருக்கிறது என்று பார்த்தே வளர்ந்த கழுத்து இது.

பல வருஷங்களுக்கு முந்தி, கப்பல் ஏஜென்ட் ஆபீசில் எனக்குப் புது வேலை. அண்ணன் பாய்த்தோணியில் சரக்கேற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போயிருந்தான். திரும்ப வேண்டிய நாள் தாண்டியும் தகவல் இல்லை. டிசம்பர் மாதம், விட்டுவிட்டு மழை வேறு. வீட்டுக்குள் புருஷனுக்காக ஜெபமாலையும் கையுமாக இருந்த மதினியை, கொஞ்சம் காற்று வாங்கட்டும் என்று இதே பூங்காவுக்குக் கூட்டி வந்தேன். பூங்கா என்று பெயர்தான். துருப்பிடித்த சறுக்கு மரம், ஆடு மேய்ந்த புல், போதாததற்குக் கருவாட்டு வாடை.

நான் கடலை வாங்கிக்கொண்டு திரும்பினால், மதினி எழுந்து நிற்கிறார். முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி, கூண்டு ஏத்திட்டாவ!"

மரங்களுக்கு மேலே, ஒரு கம்பத்தில் நிஜமாகவே மூங்கில் கூடு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. நானும் அதை நம்பி, கடலைப் பொட்டலத்தைக் கீழே போட்டேன். பூங்காவில் எவனாவது புயல் கூண்டு ஏற்றுவானா என்று யோசிக்க வேண்டாமா, கப்பல் ஆபீசில் குப்பை கொட்டுகிறவன்? இரண்டு பேருமாக ஓடினோம்.

கயிற்றைப் பிடித்திருந்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "கூண்டா? கிறிஸ்மஸ் ஸ்டாருல்லா! பேப்பர் ஒட்டதுக்கு முன்ன கயிறு தாங்குதான்னு பாக்கேன்."

மதினி அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா, தெரியவில்லை. பிறகு நாங்களும் பசை தடவிக் கொடுத்தோம். சிவப்புத் தாள் ஒட்டி, உள்ளே பல்பு போட்டு ஏற்றியதும், தேங்கிய மழைத்தண்ணீர், அந்தத் துருப்பிடித்த சறுக்கு மரம், மதினியின் முகம் எல்லாம் சிவந்துபோயின. இவ்வளவு அழகு அந்த அழுக்குப் பூங்காவில் எங்கே இருந்தது, ஆண்டவரே!

கிறிஸ்மஸுக்குள் அண்ணன் வந்து சேர்ந்தான். இங்கே நாங்கள் புயலுக்குப் பயந்து செத்துக்கொண்டிருக்க, அவன் சாவகாசமாக, "ஏளா, பொட்டுக் காத்து இல்ல. பாயை விரிச்சுப்போட்டு சும்மா கெடந்தோம்" என்றான். மதினி அகப்பையோடு துரத்தினார்.

இப்போது பாய்த்தோணிகள் இல்லை. நடுக்கடலில் இருந்தும் சேதி வந்துவிடுகிறது. காணாமற்போன எதையாவது நினைத்து ஏங்குவது என் வழக்கம்தான். ஆனால், புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று ஒரு பெண் மூங்கில் கூட்டைப் பார்த்துப் பதறிய காலம் இருக்கிறதே, அது ஒழிந்தது. அப்பாடா, நன்றாக ஒழிந்தது.