டிரைவர் நிகானோர் பந்து வீசிய ஆட்டம்

வெராக்ரூஸ் மலைப்பாதையில் நிகானோர் சமூடியோ பஸ் ஓட்டினால், ஆட்டக்காரர்கள் கவலையில்லாமல் தூங்குவார்கள். கரும்பாலை ஊரின் தொழில்முறை பேஸ்பால் அணிக்குப் பல வருஷமாக அவன்தான் டிரைவர். வாலிபத்தில் அவனும் பந்து வீசியவன். கையில் வேகமில்லை என்று இரண்டு அணிகள் திருப்பி அனுப்பிவிட்டன. அதற்காக அவன் யாரையும் நொந்துகொண்டதில்லை. சாயங்காலமானால் பஸ்ஸை நிழலில் நிறுத்திவிட்டுப் பயிற்சிக்குப் பந்து போடுவான். யாருக்கு எங்கே போட்டால் அடிக்க வாகாக இருக்குமோ, அங்கேயே வந்து விழும்.

1952 ஜூலையில் கடற்கரை ஊர் அணியோடு ஆட்டம். முந்தின நாள் சிப்பியும் பச்சை மீனும் ஒரு கை பார்த்தவர்கள் எல்லாம் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார்கள். பந்து வீசுகிறவர்களில் ஒருத்தர்கூட மிச்சமில்லை. மைதானத்தில் ஒன்பது பேர் இறங்க வேண்டும். நிற்கத் தெம்புள்ளவர்கள் எட்டுப் பேர்தான். ஆள் இல்லையென்றால் ஆடாமலே தோல்வி.

சோள ரொட்டியும் பீன்ஸும் தின்றுவிட்டு டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நிகானோரிடம் மேனேஜர் டான் ஹெர்மிலோ வந்து நின்றார்.

"நிகானோர், உன் பேரையும் அணியில சேர்த்து வெச்சது நல்லதாப் போச்சு. சட்டையை மாத்து."

"விளையாடாதீங்க டான் ஹெர்மிலோ. எனக்கு நாப்பத்தொண்ணு ஆச்சு."

"விளையாடத்தான்யா கூப்பிடறேன்!"

வயிற்றுவலியில் படுத்திருந்த ஒருத்தனின் சட்டை நிகானோரின் தொப்பையில் பொத்தானுக்கு எட்டவில்லை. பந்து வீசும் மேட்டில் அவன் ஏறியதும் கூட்டம் பிடித்துக்கொண்டது. "டிரைவர் அண்ணே, ஹாரன் அடிச்சுட்டு வீசு!" "டிக்கெட்டைக் கிழிச்சுட்டுப் போடுய்யா!"

முதல் இன்னிங்ஸிலேயே நாலு ரன் போயிற்று. கடைசி இரண்டு ரன் எதிரணியின் மச்சாதோ என்ற முரடன் அடித்தது. பந்து வேலியைத் தாண்டித் தென்னைகளுக்குள் விழுந்தது. நிகானோருக்குத் தலை நிமிரவில்லை. மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் கில்தார்தோ முகமூடியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடி வந்தான்.

"என்னை எடுத்துடச் சொல்லுடா. மானம் போகுது."

"அண்ணே, உன் கை பழக்கதோஷத்துல எங்களுக்குப் போடற மாதிரியே போடுது. இவனுங்க நம்ம ஆளுங்க இல்லண்ணே! அடிக்க முடியாத இடமாப் பார்த்துப் போடு."

நிகானோர் சட்டென்று சிரித்துவிட்டான். இத்தனை வருஷமும் அடிக்கக் கொடுத்தே பழகிய கை, அடுத்த பந்திலிருந்து கொடுக்க மறுத்தது. முழங்காலுக்குக் கீழே, மட்டை நுனிக்கும் அப்பால் என்று மெள்ள மெள்ள வந்தன பந்துகள். வேகத்துக்குப் பழகியவர்கள் பந்து வருவதற்கு முன்பே மட்டையைச் சுழற்றினார்கள். தப்பித்தவறி அடிபட்டு வந்த பந்துகளை நிகானோருக்குப் பின்னால் நின்றவர்கள் புழுதியில் விழுந்து பிடித்தார்கள். அவனுக்காக அன்று அவர்கள் ஆடியதுபோல அந்த வருஷம் எப்போதும் ஆடியதில்லை. ஒவ்வொரு ரன்னாகச் சேர்த்து, எட்டாவது இன்னிங்ஸில் ஐந்துக்கு நாலு என்று முந்திவிட்டார்கள்.

கடைசியான ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட்; இன்னும் ஒருத்தன் அவுட்டானால் ஜெயம். மூன்றாவது பேஸில் ஓட ஒருத்தன் தயார்; அவன் ஓடி வந்துவிட்டால் ஆட்டம் சமம். மட்டையோடு வந்தவன் மச்சாதோ. நிகானோரின் தோள் அதற்குள் வீங்கியிருந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு, இருப்பதிலேயே மெதுவான பந்தைப் போட்டான். மச்சாதோ அவசரப்பட்டான். பந்து நேரே வானத்துக்கு எழும்பியது. கில்தார்தோ முகமூடியை வீசியெறிந்துவிட்டு அதன் கீழே போய் நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

கேலி செய்த அதே கூட்டம் எழுந்து நின்று தொப்பிகளை மைதானத்துக்குள் எறிந்தது. நிகானோர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் பஸ்ஸைக் கிளப்பும்போது, கியர் போட வேண்டிய வலது கை மேலே எழவே இல்லை. கில்தார்தோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீ சொல்லுண்ணே, கியரை நான் போடறேன்."

"ரெண்டு... இப்ப மூணு. மெதுவா, கியர் பல்லை உடைச்சுடாதடா."

பின்னால் நோயாளிகள்கூடப் பாடிக்கொண்டிருந்தார்கள். இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, நிகானோர் எல்லோரையும் மலையேற்றி வீடு சேர்த்தான்.